ஒரே ஆயிலா, மூன்று ஆயிலா: ஹார்லிக்கு ஊற்றிப் பார்த்ததில் தெரிந்தது

ஹார்லியின் பெரிய இன்ஜின் வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் ஆயில் பேச்சை எடுத்தால் அது சண்டையில்தான் போய் முடியும். ஒருவர் கம்பெனி ஆயிலைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். இன்னொருவர் எதை ஊற்றினாலும் வண்டி ஓடும், நீங்கள்தான் வீணாகக் காசைக் கரைக்கிறீர்கள் என்பார். ட்வின் கேம் என்ற ஹார்லி இன்ஜின் வைத்த என் வண்டியில் கம்பெனியின் சின்3, ஃபார்முலா பிளஸ், பிறகு மொபில் 1 வி-ட்வின், ஆம்சாயில், ரெட் லைன் என்று மாற்றி மாற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறேன், அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்துக்கு எல்லாம் ஆயிலை அனுப்பவில்லை. கிளட்ச் லீவரில் கைக்கும் கியர் லீவரில் காலுக்கும் தெரிந்தது, டிரெயின் பிளக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது, இதுதான் என் ஆதாரம். இந்த வண்டியில் ஆயில் ஊற்ற மூன்று அறைகள்: இன்ஜின், செயினும் கிளட்சும் இருக்கும் பிரைமரி, கியர் பாக்ஸ். மூன்றுக்கும் ஒரே ஆயிலா, தனித்தனி ஆயிலா என்பதுதான் கேள்வி. தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இன்ஜினில் பிராண்டைவிட கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண், முக்கியம், பிரைமரியில் கிளட்சுக்கு ஒத்துப்போனால் போதும், கூடுதலாகச் செலவழிக்கத்தான் வேண்டும் என்று கை அரித்தால் கியர் பாக்ஸில் செலவழியுங்கள்.

முதலில் உங்கள் வண்டியில் எத்தனை அறை என்று பாருங்கள். இன்றைய பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன, அதனால் இந்தக் கேள்வியே எழாது. ஹார்லியின் பிக் ட்வின் எனப்படும் பெரிய இரட்டை சிலிண்டர் வகையில் இன்ஜினுக்குத் தனி, இடது பக்கம் பெரிய மூடிக்குள் இருக்கும் பிரைமரிக்குத் தனி, கியர் பாக்ஸுக்குத் தனி. பழைய ஆங்கில வண்டிகள் பலவும், வார்ப்பிரும்பு இன்ஜின் வைத்த பழைய புல்லட்டும் இதே ஜாதிதான். ஹார்லியின் சிறிய வகையான, காற்றில் ஆறும் பழைய ஸ்போர்ட்ஸ்டர் நடுவில் நிற்கும் ஆள்: இன்ஜினுக்கு ஒன்று, பிரைமரிக்கும் கியர் பாக்ஸுக்கும் சேர்த்து ஒன்று. இதைக் கவனிக்காமல் "ஹார்லிக்கு நல்ல கியர் ஆயில்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஸ்போர்ட்ஸ்டரில் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் அது கியருக்கு மட்டும் போகாது, கிளட்ச் தட்டுகளும் அதில்தான் ஊறும்.

சரி, இன்ஜின். இது காற்றில் ஆறும் பெரிய இரட்டை சிலிண்டர் இன்ஜின், ஆயில் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதெல்லாம் அதற்குச் சாதாரணம், நெரிசலில் நின்று நின்று போனால் அதற்கும் மேலே ஏறும். அதனால்தான் கம்பெனி கையேடு 20டபிள்யூ-50 என்று சொல்கிறது (முதல் எண் குளிரில் எப்படி, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு), அதையும் வெளி வெப்பநிலையோடு சேர்த்துச் சொல்கிறது: சுமார் 4 டிகிரிக்கு மேல் 20டபிள்யூ-50, அதற்குக் கீழே குளிர் என்றால் 10டபிள்யூ-40, 16 டிகிரிக்கு மேலேயே எப்போதும் இருக்கும் என்றால் ஒற்றை கிரேடு 50, 27 டிகிரிக்கு மேல் என்றால் 60 கூடச் சரி. இந்த அட்டவணையைப் பலர் புரட்டியே பார்ப்பதில்லை. அதை ஒரு தடவை படித்துவிட்டால் ஆயில் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்ஜின் அறை தனியாக இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. இங்கே ஆயில் கிளட்சைப் பார்ப்பதே இல்லை. ஆகவே பாட்டிலின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தர முத்திரை இருக்கிறதா என்று தேடித் தேடி அலைய வேண்டியதில்லை, அந்த முத்திரை கிளட்சுக்காக வந்தது. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்ற பயமும் பிக் ட்வின் இன்ஜினுக்குப் பொருந்தாது. அதற்காக கார் ஆயில் ஊற்றுங்கள் என்று சொல்லவில்லை. புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் அளவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், 800 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் அது காரின் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கியைக் கெடுக்கும். ஆனால் வால்வைத் திறக்கும் கேமும் டேப்பட்டும் உரசும் இடத்தில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மானத்தோடு சேர்ந்து வருவதே அந்த பாஸ்பரஸ்தான். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி கிரேடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. மெல்லிய கார் ஆயிலை இந்த இன்ஜினில் நான் தொடாததற்கு இதுவும் ஒரு காரணம், வெப்பத்தில் நீர்த்துப்போவது இன்னொரு காரணம்.

மொபில் 1 வி-ட்வின் 20டபிள்யூ-50, ஆம்சாயிலின் வி-ட்வின் 20டபிள்யூ-50, கம்பெனியின் சின்3, இந்த மூன்றையும் இன்ஜினில் ஓட்டிய பிறகு நேர்மையாகச் சொன்னால் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. டேப்பட் சத்தம் அதேதான், சூடான பிறகு ஆயில் பிரஷர் மீட்டர் அதே இடத்தில்தான் நிற்கிறது. கையேட்டின்படி நன்றாகச் சூடான ட்வின் கேமில் 2000 ஆர்பிஎம்மில் 30 முதல் 38 பிஎஸ்ஐ இருந்தால் போதும், ஐடிலில் 5 பிஎஸ்ஐக்கு இறங்கினாலும் பதற வேண்டாம். "இந்த ஆயிலை ஊற்றியதும் இன்ஜின் பட்டு மாதிரி ஓடுகிறது" என்பவர்களை நான் நம்புவதில்லை, பழைய கறுத்த ஆயிலை எடுத்துவிட்டுப் புதிதாக எதை ஊற்றினாலும் அன்றைக்கு அப்படித்தான் ஓடும். கம்பெனியின் மினரல் ஆயிலான 360-ம் மோசமில்லை. ஆனால் கடும் வெயிலில் நெரிசலில் மாட்டிக்கொண்டு ஓட்டுபவர் என்றால் சிந்தெடிக் வாங்குங்கள், அதிக வெப்பத்தில் கருகிப் பிசினாகாமல் நீண்ட நேரம் தாங்குவது சிந்தெடிக்தான். நான் இப்போது மொபில் 1-ல் இருக்கிறேன், எளிதாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை.

ரோலர் பேரிங் இன்ஜினில் சிந்தெடிக் ஊற்றினால் ரோலர்கள் உருளாமல் சறுக்கும் என்று ஒரு பழைய கதை இன்னும் உலவுகிறது. அப்படியென்றால் கம்பெனியே தன் பெயரைப் போட்டு சிந்தெடிக் விற்குமா என்ன.

அப்புறம் பிரைமரி. இந்த அறையின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. இன்ஜினிலிருந்து கிளட்சுக்கு வரும் தடித்த செயின், அதிர்ச்சியைத் தாங்கும் காம்பன்சேட்டர் ஸ்பிராக்கெட், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், இவற்றோடு கிளட்ச், எல்லாம் ஒரே மூடிக்குள். செயின் வழுக்க வேண்டும், கிளட்ச் வழுக்கக்கூடாது, இரண்டுக்கும் ஒரே ஆயில். இங்கேதான் ஜாசோ முத்திரைக்கு அர்த்தம் வருகிறது. எரிபொருள் மிச்சப்படுத்த கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்க ஆரம்பித்ததும் ஆயிலில் ஊறும் கிளட்ச் வைத்த வண்டிகள் வழுக்க ஆரம்பித்தன, அதற்காகத்தான் ஜப்பானியர்கள் 1998-ல் டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் ஈரக் கிளட்சுக்கு ஏற்ற உராய்வு இருக்கிறது, அதிலேயே எம்ஏ2 கூடுதல் பிடி, எம்ஏ1 சற்றுக் குறைவு, எம்பி என்றால் வழுவழு, அது ஈரக் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர் வகைகளுக்கு. பிரைமரியில் 20டபிள்யூ-50 ஊற்றுபவர் இந்த எம்ஏ முத்திரையைப் பார்த்துவிட்டு ஊற்றினால் போதும். பிரைமரிக்கென்றே தயாரித்த ஆயில்களில் ஜாசோ முத்திரை இல்லாமலும் இருக்கலாம், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஃபார்முலா பிளஸ் பற்றி. இது பிரைமரிக்கும் கியர் பாக்ஸுக்கும் மட்டும், இன்ஜினில் ஊற்றக்கூடாது. பிரைமரியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், இதைச் சொன்னால் விலை உயர்ந்த பாட்டில் வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்கள். கிளட்ச் சுத்தமாக விடுபடுகிறது, சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் ஒரே தட்டில் விழுகிறது. சின்3-ஐ அதே பிரைமரியில் ஊற்றி ஓட்டியபோது வழுக்கல் எதுவும் இல்லை, ஆனால் வண்டி குளிர்ந்திருக்கும்போது முதல் கியரைப் போட்டால் லீவரை முழுசாகப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும், ஆயில் சூடாகும்வரை அந்த இழுப்பு இருக்கும். 20டபிள்யூ-50 குளிரில் கெட்டியாக இருப்பதால் தட்டுகளை ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான், அது ஆயிலின் குற்றம் இல்லை. ரெட் லைனின் பிரைமரி ஆயிலும் இதே போல நன்றாக விடுபடுகிறது, ஃபார்முலா பிளஸை விட ஒரு படி மேல் என்று சொல்லுமளவுக்கு என் கைக்குத் தெரியவில்லை.

டைப் எஃப் ஏடிஎஃப் ஊற்றும் கூட்டம் ஒன்றும் உண்டு. ஆட்டோமேட்டிக் கார் கியர் பாக்ஸுக்கான பழைய வகை ஆயில் அது, உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்காதது, அதனால் கிளட்ச் கப்பென்று பிடிக்கும். டிராக் ரேஸ் ஆட்கள் அதை விரும்புவது புரிகிறது. ஆனால் அது மெல்லியது, செயினுக்கும் காம்பன்சேட்டருக்கும் அது போதுமா என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை, நீண்ட தூரம் ஓட்டும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரைமரியில் எந்த ஆயில் என்பதைவிட எவ்வளவு ஆயில் என்பதுதான் பெரிய விஷயம். சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும், சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். வண்டியை நேராக நிறுத்தி, கிளட்சுக்கு நேரே இருக்கும் வட்டமான டெர்பி மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி உள்ளே பார்த்தால் கிளட்ச் தெரியும், அதன் வட்டமான டயாஃபிரம் ஸ்பிரிங்கின் அடி விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஆயில் நின்றால் சரி. பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கணக்கு தப்பாகும். கொஞ்சம் கூடிவிட்டால் கிளட்ச் ஆயிலுக்குள் நீந்தும், விடுபடாது, நியூட்ரல் தேடித் தேடிக் கால் வலிக்கும். "இந்த ஆயில் சரியில்லை, நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதைத்தான்.

இப்போது கியர் பாக்ஸ். பாட்டிலைப் பார்த்ததும் குழப்புவது எண்தான். இன்ஜின் ஆயிலில் 50 என்று இருக்கிறது, கியர் ஆயிலில் 90 என்று இருக்கிறது, ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி போல என்று நினைத்துவிடுவோம். இல்லை. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் எஸ்ஏஇ 50 இன்ஜின் ஆயில் 16.3-லிருந்து 21.9 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும், எஸ்ஏஇ 90 கியர் ஆயில் 13.5-லிருந்து 18.5-க்குள். அதாவது 90 என்று எழுதிய கியர் ஆயில் 50 என்று எழுதிய இன்ஜின் ஆயிலைவிட மெல்லியதாகக்கூட இருக்கலாம். எனவே கியர் ஆயிலின் பலம் கெட்டித்தன்மையில் இல்லை, பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் அழுத்தத்தில் படலம் அறுந்துபோகாமல் காக்கும் மருந்துகளில் இருக்கிறது.

இங்கே ஒரே ஆயில் போதும் என்பவர்களோடு எனக்கு லேசான மனஸ்தாபம். இன்ஜின் ஆயிலில் போடும் மருந்துகளில் பாதி, எரிபொருள் எரிந்து வரும் கரியையும் அமிலத்தையும் சமாளிப்பதற்காகப் போடுவது. கியர் பாக்ஸுக்குள் எதுவும் எரிவதில்லை, அங்கே அந்த மருந்துக்கு வேலையே இல்லை. அதோடு 20டபிள்யூ-50 போன்ற பல கிரேடு ஆயில்கள் பலவற்றில் சூட்டில் நீர்க்காமல் இருக்க நீளமான பாலிமர்களைச் சேர்ப்பார்கள், கியர் பற்கள் அவற்றை வெட்டி வெட்டிச் சின்னதாக்கிவிடும், நாளடைவில் 50 என்று ஊற்றியது 40 மாதிரி நடந்துகொள்ளும். இன்ஜினில் இது பெரிய கவலை இல்லை, அதை அடிக்கடி மாற்றிவிடுகிறோம். பிந்தைய ட்வின் கேம் கையேட்டில் இன்ஜினுக்கு 8000 கிலோமீட்டர், பிரைமரிக்கு 16,000, கியர் பாக்ஸுக்கு 32,000. மற்ற இரண்டையும்விட மிக நீண்ட காலம் உள்ளேயே கிடக்கப் போகிற ஆயிலை அந்த வேலைக்கென்று தயாரித்ததாக வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது இல்லையா.

நான் மாற்றியதில் காலுக்கும் காதுக்கும் வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் இதுதான். ரெட் லைனின் ஷாக்ப்ரூஃப் ஹெவி ஊற்றிய பிறகு, நியூட்ரலிலிருந்து முதல் கியருக்குப் போகும்போது வரும் அந்த டங் சத்தம் மொத்தையாகி அமுங்கியது, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது லீவர் கடைசி அரை அங்குலத்தில் காட்டும் முரண்டும் குறைந்தது. டங் சத்தம் முழுசாகப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள், இது ஹார்லி. முதல் தடவை பாட்டிலைத் திறப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், இது வழக்கமான ஆயில் மாதிரி கண்ணாடியாக இருக்காது, கரைத்து வைத்த பெயிண்ட் மாதிரி ஊடுருவிப் பார்க்க முடியாமல் இருக்கும், மிக நுண்ணிய திடத்துகள்கள் கலந்திருப்பதால் அந்தத் தோற்றம். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். ஒரு சின்ன அசௌகரியமும் உண்டு: கியர் பாக்ஸில் தண்ணீர் புகுந்துவிட்டதா என்று ஆயில் பால்போல வெளுத்திருப்பதை வைத்துக் கண்டுபிடிப்பது வழக்கம், பிறந்ததிலிருந்தே கலங்கலாக இருக்கும் ஆயிலில் அந்த அடையாளம் தெரியாது. இதைப் பிரைமரியிலோ ஸ்போர்ட்ஸ்டரிலோ ஊற்றக்கூடாது, முன்பே சொன்ன கிளட்ச் காரணம்தான்.

ஜிஎல்-5 என்று எழுதிய கார் டிஃபரன்ஷியல் ஆயிலை ஊற்றலாமா என்றும் கேட்பார்கள். ஜிஎல்-5 என்பது கார் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஹைப்பாய்டு வகைக் கியர்களுக்காக வந்த தரம், அங்கே பற்கள் உருள்வதோடு பலமாகச் சறுக்கவும் செய்யும், அதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை நிறையப் போடுவார்கள். பழைய வண்டிகளின் கியர் பாக்ஸில் வெண்கல புஷ்கள் இருந்தால் சில ஜிஎல்-5 ஆயில்களின் கந்தகம் சூட்டில் அதை அரிக்கும். ஹார்லி கியர் பாக்ஸில் ஹைப்பாய்டு கியரே கிடையாது, பிறகு எதற்கு அந்த வம்பு. மோட்டார் சைக்கிள் கியர் பாக்ஸுக்கென்று எழுதியதை வாங்குங்கள், அல்லது ஃபார்முலா பிளஸே போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் சின்3-ஐ மூன்று அறையிலும் ஊற்றுபவரை நான் குறை சொல்லமாட்டேன். கம்பெனியே மூன்றுக்கும் சரி என்று சொல்லித்தான் விற்கிறது, ஆம்சாயிலும் தன் வி-ட்வின் ஆயிலை அப்படித்தான் விற்கிறது. வண்டியை நீங்களே பார்க்காமல் யாரிடமோ விட்டு வேலை வாங்குபவர் என்றால் ஒரே ஆயில் உங்களுக்கு ஒரு காப்பு, ஏனென்றால் தப்பான பாட்டில் தப்பான ஓட்டையில் போக வழியே இல்லை. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சீல் தேய்ந்து கியர் பாக்ஸ் ஆயில் பிரைமரிக்குக் கசிந்தாலும் கலந்தது ஒரே ஆயில்தான், கிளட்சுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கசிவை நீங்கள் கண்டுபிடிக்கவும் மாட்டீர்கள் என்பது இதன் மறுபக்கம். எனக்கு மூன்று நிறத்தில் மூன்று ஆயில் இருப்பது இதனாலும் பிடிக்கும், வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு கிடந்தால் எந்த அறையிலிருந்து வந்தது என்று விரலால் தொட்டே சொல்லிவிடலாம்.

மாற்றும்போது நடக்கும் பெரிய விபரீதம் ஒன்று உண்டு. டூரிங், டைனா மாதிரி ட்வின் கேம் வண்டிகள் பலவற்றில் இன்ஜின் ஆயில் தொட்டி கியர் பாக்ஸுக்கு அடியில்தான் இருக்கிறது, இரண்டு டிரெயின் பிளக்குகளும் பக்கத்துப் பக்கத்தில். இன்ஜின் ஆயிலை எடுக்கிறேன் என்று கியர் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, இன்ஜினில் மேலும் மூன்று லிட்டரை ஊற்றிவிட்டுக் கிளம்பினால் ஒரு பக்கம் கியர் பாக்ஸ் வறண்டு அரைபடும், இன்னொரு பக்கம் இன்ஜின் ஏர் கிளீனர் வழியாக ஆயிலைத் துப்பும். கையேட்டில் படத்தைப் பார்த்துவிட்டு, வெளியே வந்த அளவையும் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஒரு லிட்டர்தான் வந்திருக்கிறது என்றால் அது இன்ஜின் இல்லை.

பிளக்கைக் கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள், முனையில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். பிரைமரி பிளக்கில் சாம்பல் நிறத்தில் பசைமாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், விரலில் தேய்த்தால் மை மாதிரி பரவும், அது செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்த பொடி, சகஜம். கியர் பாக்ஸ் பிளக்கில் மெல்லிய மயிர் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும், அதுவும் பரவாயில்லை. நகத்தில் தட்டினால் டிக்கென்று சத்தம் போடும் துண்டு ஏதாவது வந்தால் புது ஆயிலை ஊற்றி மூடிவிட்டுப் போகாதீர்கள், எந்த பிராண்டும் அதைச் சரிசெய்யாது. பிரைமரி ஆயிலில் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கிறது, டாப் கியரில் திராட்டிலை முழுசாகத் திருகிப் பாருங்கள், ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் உறுதி.

இன்ஜின் டிப் ஸ்டிக்கைக் குளிர்ந்திருக்கும்போது பார்த்து ஃபுல் கோடு வரைக்கும் ஊற்றுவதும் கூடாது. ஓட்டி நன்றாகச் சூடாக்கி, உங்கள் மாடலுக்கு கையேடு சொல்லும் நிலையில் நிறுத்திப் பாருங்கள். குளிர்ந்திருக்கையில் கீழ்க்கோட்டுக்கு மேல் இருந்தாலே போதும், சூடானதும் மட்டம் ஏறும்.

நீண்ட பயணத்தில் எங்கோ நடுவழியில் இன்ஜின் ஆயில் குறைந்து, உங்கள் பிராண்டும் 20டபிள்யூ-50-ம் கிடைக்கவில்லை என்றால் லாரிக்கு ஊற்றும் டீசல் இன்ஜின் ஆயில் 15டபிள்யூ-40, பின்னால் சிஎச்-4 அல்லது சிஐ-4 என்று போட்டிருப்பது, அதை வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்புங்கள். இது கம்பெனி கையேடே அனுமதிப்பதுதான், பெரும்பாலும் எந்த நெடுஞ்சாலையிலும் கிடைக்கும். திரும்பி வந்ததும் ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கையேடு இந்தச் சலுகையைத் தருவது இன்ஜினுக்கு மட்டும். கியர் பாக்ஸும் பிரைமரியும் வழியில் ஆயில் கேட்கின்றன என்றால் எங்கோ சீல் போயிருக்கிறது, அதற்குப் பாட்டில் தேட வேண்டாம், மெக்கானிக்கைத் தேடுங்கள்.